பெர்டாவைச் சுரண்டி எடுத்தது

பெர்டாங்கிற பேரைச் சுரண்டி எடுத்த மறுநாள் காலையில ஓடிலியாவுக்கு ரெண்டு காலும் இல்ல. வலியும் இல்ல. பாவாடையைத் தூக்கிப் பாத்தா, செருப்புக்கும் முழங்காலுக்கும் நடுவுல வெறும் காத்து. ஆனா நடந்தா.

சுரண்டச் சொன்னது அவ அம்மா ரிச்சென்ஸாதான். மைன் ஆத்துக்கு மேல ஆல்டன்ரோட் கோட்டையில, புருஷன் வால்ராட் செத்தப்புறம் பதினாலு வயசுப் பொண்ணோட தனியா இருந்தவ. அந்தச் சீமையில அப்பன் ஆத்தா ரெண்டு பேர்ல யாரு தாழ்ந்த குடியோ, பிள்ளையும் அந்தக் குடி. வால்ராடோட பாட்டி பெர்டா, பிஷப்புக்கு அடிமைப்பட்ட குடியில பிறந்தவ. மூணு தலைமுறையா யாரும் கேக்கல. இப்போ, மார்ட்டின் திருநாளுக்கு பிஷப்போட அதிகாரி வந்து வம்சாவளியைப் பாப்பான், பெர்டா பேர் இருந்தா பொண்ணைக் கூட்டிட்டுப் போயி பிஷப் சொல்ற எடத்துல கட்டிக்கொடுப்பான்னு சேதி வந்துச்சு.

வம்சாவளி எழுதின ஆட்டுத்தோல் மடத்துல இருந்துச்சு. அங்க ஏடெழுதுற வொல்ஃபோ சாமி கத்தியால பெர்டாவைச் சுரண்டிட்டு, அந்த எடத்துல ஏதோ ஒரு பிரபு மகள் பேரை எழுதினாரு. "எழுதிட்டேன் அம்மணி. ஆனா இந்தப் பிரபு மகள் யாரையும் பெக்கலையே"ன்னாரு. அந்த வாரமே வால்ராடோட கல்லறை மூடி உள்ள அமுங்குச்சு. பாத்தா எலும்பு ஒண்ணும் இல்ல, வாள் மட்டும் கிடந்துச்சு. வியாழக்கிழமை ஓடிலியாவுக்கு இடுப்பு போச்சு, ஞாயித்துக்கிழமை பூசையில கழுத்து போச்சு.

ரிச்சென்ஸா பொண்ணை இழுத்துக்கிட்டு மடத்துக்கு ஓடினா. பெர்டாவைத் திருப்பி எழுதுங்க சாமின்னு கால்ல விழுந்தா.

"எழுதினா பொண்ணு முழுசா வருவா. செவ்வாக்கிழமை மார்ட்டின் திருநாள், அந்த அதிகாரியும் வருவான். யோசிச்சுக்கோங்க."

"எழுத வேணாம் சாமி"ன்னா ஓடிலியா.

"வெளையாட்டாடி இது? மூஞ்சியும் போயிடும்."

"என் மூக்கைப் பாத்து எத்தனை தடவை பெருமூச்சு விட்டிருக்கீங்க. போகட்டும் விடுங்க."

ரிச்சென்ஸா அந்த மூக்கைப் பிடிச்சுக்கிட்டு அழுதா. அன்னைக்கு அது இருந்துச்சு.

செவ்வாக்கிழமை அதிகாரி வந்தான். உடுப்பு தெரியும்ங்கிறதால, ஓடிலியா அந்தக் குளிர்ல ஒட்டுத்துணி இல்லாம அடுப்பு மூலையில பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னா. வம்சாவளியில பெர்டா பேர் இல்ல, ஆனாலும் பொண்ணு எங்கன்னு கேட்டான். தேடிக்கோங்கன்னா ரிச்சென்ஸா. நெலவறை வரைக்கும் தேடிட்டு, ரெண்டு வாத்துக் காலைத் தின்னுட்டு, இந்த வீட்டுக்கு வாரிசே இல்லன்னு எழுதிக்கிட்டுப் போனான்.

அதுக்கப்புறம் அந்தக் கோட்டையில ஒரு பாவாடை நடந்துச்சு, நூல் நூத்துச்சு, உப்புப் போதலைன்னு சமையக்காரியோட சண்டை போட்டுச்சு. பழகிப்போன சமையக்காரியும் பதிலுக்குத் திட்டினா. ரிச்சென்ஸா தெனமும் தடவித் தடவிப் பொண்ணுக்குத் தலை சீவிவிட்டா. பதினெட்டாவது வருஷம் ஒருநாள் வெரல்ல சொரசொரன்னு ஒரு முடி மாட்டுச்சு.

"நரையாடி இது?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்?"

ரிச்சென்ஸா அதையும் சேத்துப் பின்னினா.