குளிக்கத் தடை

தென்காசி வட்டாரத்தில் குடியிருக்கிறவனுக்குச் சொந்தக்காரர்கள் போன் செய்தால் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க மாட்டார்கள். அருவியில் தண்ணீர் விழுகிறதா என்றுதான் கேட்பார்கள். விவரமான குடும்பங்கள் இதற்கு வருஷம் முழுக்க ஒரே பதில் வைத்திருக்கின்றன: "எங்க விழுது, பாறைதான் காயுது." இப்படிச் சொல்லிவிட்டால் சோறு மிச்சம், பாய் மிச்சம், சொந்த வீட்டுப் பாத்ரூம் வாசலில் துண்டோடு வரிசையில் நிற்கவும் வேண்டாம்.

குத்துக்கல்வலசையில் புது வீடு கட்டிக் குடியேறியிருந்த ஓய்வு பெற்ற சப்-இன்ஸ்பெக்டர் சுந்தரபாண்டியனுக்கு அந்தப் பதில் மட்டும் வாயில் வராது. குற்றாலம் என்னவோ அவருடைய பாட்டன் சொத்து போலவும், தண்ணீர் இல்லை என்றால் அது தன் குடும்பத்துக்கு இழுக்கு போலவும் நினைத்துக்கொள்வார். அதனால் அக்னி நட்சத்திரம் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த ஒரு மே மாதக் காலையில் சென்னையிலிருந்து சகலை வேல்ராஜ் வழக்கமான கேள்வியைக் கேட்டபோது, "விழுதாவது, கொட்டுது தம்பி. பிள்ளையக் கூட்டிட்டு வா" என்று சொல்லிவிட்டார்.

அடுப்படியிலிருந்து அவர் மனைவி நிர்மலாதேவி எட்டிப் பார்த்தாள். "நம்ம வீட்டுக் குழாய்லயே விழல. அங்கன எப்படிக் கொட்டுது?"

"மலைப்பக்கம் மழை பெய்யும்ட்டி. நீ சும்மா கெட."

மழை பெய்யவில்லை. வேல்ராஜ் வந்துவிட்டான். கூடவே அவன் மனைவியும் நிர்மலாதேவியின் தங்கையுமான முத்துலட்சுமி, காலேஜில் சேர்ந்திருக்கும் மகள் சண்முகப்பிரியா. மறுநாள் காரை எடுத்துக்கொண்டு ஐந்தருவிக்குப் போனார்கள். ஐந்தருவியில் அன்று ஒன்றரை அருவி இருந்தது. அந்த ஒன்றரைக்குக் கீழே நாலு மாவட்டத்து ஜனம் தலையில் ஷாம்பு நுரையோடு காத்து நின்றது. வேல்ராஜ் அண்ணாந்து கொஞ்ச நேரம் பார்த்தான்.

"அண்ணாச்சி, எங்க பிளாட் ஷவர்ல இதைவிட ஃபோர்ஸா வருமே."

"இப்பத்தான் கொறஞ்சிருக்கு. நேத்து வந்திருக்கணும் நீ."

"நேத்து நாங்க டிரெயின்ல வந்தோம்லா. சரி விடுங்க, அருவி இல்லேன்னா என்ன. நல்லா நீந்திக் குளிக்கிற மாதிரி இடம் ஏதாவது காட்டுங்க. பிரியா கோச்சிங் போறா. நானும் கத்துக்கிட்டேன். நீங்கதான் இருக்கீங்களே, பெரிய நீச்சல்காரர்."

"ஆமா பெரியப்பா, நீங்க டைவ் அடிக்கிறதை நான் வீடியோ எடுக்கணும்" என்றாள் பிரியா. "ஃப்ரெண்ட்ஸ்கிட்ட எல்லாம் சொல்லிட்டேன். உயிரைக் காப்பாத்தின போலீஸ்னு."

சுந்தரபாண்டியன் அவசரமாகக் கார்ச் சாவியைத் தேடினார். ஏனென்றால் அவருக்கு நீச்சல் தெரியாது. கொஞ்சங்கூடத் தெரியாது. தண்ணீர் இடுப்பைத் தாண்டினால் அவருக்குக் குலதெய்வம் நினைவுக்கு வந்துவிடும்.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அருவிக்கரையில் பிறந்து வளர்ந்த எத்தனையோ பேருக்கு நீச்சல் தெரியாது. அருவி நம்மிடம் எதையும் எதிர்பார்ப்பதில்லை. போய்த் தலையைக் கொடுத்தால் போதும், மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். அவரும் அப்படிச் சொல்லியிருக்கலாம். சொல்ல முடியாமல் போனதற்குக் காரணம் வீட்டுக் கூடத்தில், டிவிக்கு மேலே, கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. சீசன் கடைக்காரர்கள் சங்கம் ஒன்று எப்போதோ கொடுத்த கேடயம். "வெள்ளத்தில் பாய்ந்து உயிர் காத்த வீரர்" என்று அதில் பொன்னெழுத்தில் போட்டிருக்கும்.

நடந்தது இதுதான். ஐந்தருவியில் சுந்தரபாண்டியன் டூட்டியில் இருந்த ஒரு சீசனில் திடீரென்று வெள்ளம் வந்தது. அவர் விசிலைப் பல்லில் கடித்தபடி பாதுகாப்புச் சங்கிலியை இரண்டு கையாலும் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டார். அடித்து வரப்பட்ட ஒருத்தன் அகப்பட்டதைப் பிடித்தான். அகப்பட்டது இவருடைய கால். இவர் பயத்தில் சங்கிலியை விடவில்லை, அவன் பயத்தில் காலை விடவில்லை. வெள்ளம் வடிந்ததும் இரண்டு பேரும் உயிரோடு இருந்தார்கள். அதில் ஒருத்தர் காக்கி போட்டிருந்ததால் காப்பாற்றியது யார் என்று யாரும் விசாரிக்கவில்லை. நாலைந்து வருஷம் சொல்லிச் சொல்லி, தான் குதித்ததாகவே சுந்தரபாண்டியனும் நம்பத் தொடங்கியிருந்தார். தண்ணீரைப் பார்க்கும்போதுதான் நம்பிக்கை கொஞ்சம் ஆட்டம் காணும்.

இப்போது அது ஒரேயடியாக ஆடியது. இந்தப் பெண் வீடியோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினால் வீரர் பட்டம் என்னாவது? சாயங்காலம் டீக்கடையில் எந்த முகத்தோடு போய் உட்காருவது? ஆனால் மனுஷன் சும்மா ஒன்றும் முப்பது வருஷம் போலீஸ் வேலை பார்க்கவில்லை. குற்றாலத்துப் போலீஸ் கையில் எல்லாவற்றுக்கும் ஒரு மருந்து உண்டு. அதன் பெயர் குளிக்கத் தடை.

முதலில் சிற்றாற்றில் ஒரு தடுப்பணைக்குக் கூட்டிப் போனார். தண்ணீர் தெளிவாகக் கிடந்தது. ஊர்ப் பிள்ளைகள் கரையிலிருந்து தொம்மென்று குதித்துக்கொண்டிருந்தார்கள். பிரியா செருப்பைக் கழற்றுவதற்குள் சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்து ஊதினார். ஓய்வு பெற்ற பிறகும் அது அவரோடுதான் இருந்தது.

"எறங்காத பிள்ள. கீழ சுழல் இருக்கு. மேல தெரியாது."

"அந்தப் பசங்க குளிக்கிறாங்களே பெரியப்பா?"

"அவனுவளுக்குப் பழகிட்டு."

அடுத்து ஒரு குளம். அங்கே தாமரைக்கொடி காலைச் சுற்றும் என்றார். தாமரை கண்ணுக்கெட்டிய தூரம் இல்லை. கொடி மட்டும் அடியில் இருக்கிறது என்றார். அதற்கடுத்த வாய்க்காலில் கண்ணாடிச் சில்லு. ஒரு தோட்டத்துப் பம்ப்செட் தொட்டியில், தண்ணீர் முழங்கால் அளவுதான் இருந்தும், கரண்ட் கசியும் என்று தடை போட்டார். வெயில் ஏற ஏற வேல்ராஜின் முகம் சிறுத்துக்கொண்டே போனது.

"அண்ணாச்சி, இந்த ஜில்லாவுல மனுசன் குளிக்கிற தண்ணியே கிடையாதா?"

பின்சீட்டிலிருந்து முத்துலட்சுமி அப்போதுதான் வாயைத் திறந்தாள். "எதுக்கு இப்படி ஊர் சுத்துதோம்? வாசுதேவநல்லூர்ல நம்ம கிணறு கெடக்குல்லா. மந்திரமூர்த்தி அண்ணன் நேத்துகூடச் சொன்னான், பாதிக் கிணத்துக்குத் தண்ணி கெடக்குன்னு. ஏக்கா, ஞாவகம் இருக்கா? நீ மோட்டார் ரூம் மேல ஏறிக் குதிப்பியே."

நிர்மலாதேவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "இருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

அந்தக் கிணற்றில் பாவாடை கட்டிய வயதில் வடக்குத் தெருப் பையன்களையெல்லாம் தோற்கடித்தவள் அவள். அடியில் முங்கி மண் எடுத்து வருவாள். மல்லாந்து கிடந்தபடியே வேப்பம்பழம் தின்பாள். கல்யாணமான முதல் கோடையில் பிறந்த வீட்டுக்கு வந்தபோது துண்டை எடுத்துக்கொண்டு ஆசையாகக் கிளம்பினாள். புது மாப்பிள்ளை வாசலிலேயே மறித்துவிட்டார். போலீஸ்காரன் பெண்டாட்டி நாலு பேர் பார்க்கக் கிணற்றில் குதிப்பதாவது என்றார். உண்மையில் அவர் பயந்தது நாலு பேருக்கு அல்ல. அவள் குதித்தால் அடுத்து மாப்பிள்ளையையும் குதிக்கச் சொல்வார்கள். தன் பயத்துக்காக அவளைக் கரையிலேயே நிற்க வைத்தார், ஒவ்வொரு கோடையிலும். மாமனார் வீட்டில் அவர் வெந்நீரில்தான் குளிப்பார், கேட்டால் சளி என்பார். அவள் சின்னப் பிள்ளைகள் குதிப்பதைப் பார்த்துக்கொண்டு துணி துவைப்பாள்.

வாசுதேவநல்லூரில் எலுமிச்சைத் தோட்டத்து நடுவே கிணறு இருந்தது. நல்ல அகலம். சுவரில் துருத்திக்கொண்டு கல்படிகள் இறங்கின. கீழே பச்சையாக, அசையாமல், மூன்று ஆள் ஆழத்துக்குத் தண்ணீர். நிர்மலாதேவியின் தம்பி மந்திரமூர்த்தி ஏற்கெனவே நாலு முங்கு போட்டுவிட்டு ஈரத்துண்டோடு நின்றான்.

"வாங்க அத்தான். இன்னைக்காவது எங்க கிணத்துத் தண்ணி ஒங்க ஒடம்புல படட்டும்."

பிரியா போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு தயாராக நின்றாள். சுந்தரபாண்டியன் கிணற்றைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பிறகு விசிலை ஊதினார். எலுமிச்சை மரத்திலிருந்த மைனாக்கள் பறந்தன.

"ஒருத்தரும் எறங்கக் கூடாது. அடியில விஷவாயு இருக்கும். நான் மொதல்ல சோதிச்சுப் பாத்துட்டு வாரேன்."

"இப்பத்தான நான் குளிச்சிட்டு வந்தேன்" என்றான் மந்திரமூர்த்தி.

"ஒனக்கு ஒண்ணும் ஆகலேங்கது ஒன் அதிர்ஷ்டம்லே."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கல்படியில் இறங்கினார். கடைசிப் படி வரைக்கும் போவது, குனிந்து தண்ணீரை மோந்து பார்ப்பது, தலையை ஆட்டுவது, தடை போட்டுவிட்டு ஏறிவிடுவது. திட்டத்தில் ஒரு குறையும் இல்லை. கடைசிப் படியில் இருந்த பாசியைத்தான் அவர் கணக்கில் எடுக்கவில்லை. கால் வழுக்கியது, வீரர் தண்ணீருக்குள் போனார்.

மேலே பிரியா கைதட்டினாள். "செம என்ட்ரி பெரியப்பா."

ஒரு கை வெளியே வந்தது. பிறகு வழுக்கைத் தலை வந்தது, வாயைத் திறந்தது, மறுபடி போனது. மந்திரமூர்த்திக்குச் சந்தேகம் தட்டுவதற்குள் அவனைத் தாண்டி ஒரு சேலை பறந்தது. நிர்மலாதேவி முந்தானையை இடுப்பில் சுற்றியதையும் யாரும் பார்க்கவில்லை, குதித்ததையும் சரியாகப் பார்க்கவில்லை. தண்ணீர் சிதறியதைத்தான் பார்த்தார்கள். உள்ளே சுந்தரபாண்டியன் அவள் தோளில் ஏறி உட்காரப் பார்த்தார். அவள் முழங்காலால் அவர் வயிற்றில் ஒன்று கொடுத்துவிட்டு, சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் படியில் போட்டாள். அத்தனை வருஷம் கழித்தும் அவளுக்குக் கையும் காலும் எதையும் மறந்திருக்கவில்லை.

அவளும் பக்கத்துப் படியில் உட்கார்ந்தாள். தலைமுடி அவிழ்ந்து முகத்தில் ஒட்டியிருந்தது. மூச்சு வாங்கினாலும் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு சிரிப்பை முத்துலட்சுமி தன் அக்காவிடம் கல்யாணத்துக்கு முன்னால் பார்த்ததுதான்.

சுந்தரபாண்டியன் இருமி, கக்கி, மூக்கைச் சிந்தி முடித்தார். அண்ணாந்து பார்த்தார். மேலே மூன்று நான்கு முகங்கள் வட்டமாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. நடுவில் அந்தப் போனும் இருந்தது. இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் பெண்டாட்டிக்கு ஒரு கும்பிடு போட்டிருப்பான். அவருக்கு முதலில் வந்தது குரல்தான், பழைய டூட்டிக் குரல்.

"பாத்தீங்களா? இதுக்குத்தான் படிச்சுப் படிச்சுச் சொல்லுதேன், பொம்பளைங்க கிணத்துல எறங்கக் கூடாதுன்னு. நான் மூச்சடக்கி அடியில சோதிச்சிக்கிட்டு இருக்கேன். இவ பாட்டுக்குச் சேலையோட வந்து விழுதா. நல்லவேளை, நான் உள்ள இருந்தேன். இல்லேன்னா இவள யாரு தூக்குறது?"

வீட்டு மாப்பிள்ளை பேச்சுக்கு மறுபேச்சுப் பேசி மந்திரமூர்த்திக்குப் பழக்கமில்லை, அவன் துண்டைப் பிழிந்தான். வேல்ராஜ் ஏதோ சொல்ல வந்தான், முத்துலட்சுமி அவன் கையைக் கிள்ளினாள். "ஆமா அண்ணாச்சி" என்று அவன் முனகினான். இன்னும் ஒரு நிமிஷம் போயிருந்தால் அந்தப் பொய்யும் கூடத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்திருக்கும்.

நிர்மலாதேவியின் சிரிப்பு நின்றுவிட்டது. முதலில் அவளுக்கு அழுகைதான் வந்தது. உயிரை மீட்டுக் கொடுத்த கையில் இன்னும் ஈரம்கூடக் காயவில்லை, அதற்குள் இந்த மனுஷன் அவளை மறுபடியும் கரையில் ஏற்றி நிறுத்துகிறாரே என்று நெஞ்சு எரிந்தது. அப்புறம் கோபம் வந்து அழுகையை ஓரமாக ஒதுக்கியது.

"அப்ப நீங்கதான் என்னையக் காப்பாத்துனீங்க?"

"பின்ன?"

"சரி. நான் ஏறிக்கிடுதேன். நீங்க மிச்சத்தையும் சோதிச்சிட்டு வாங்க."

எழுந்தவள் மேலே ஏறவில்லை. அவர் முதுகில் கையை வைத்தாள். பலமாகக்கூடத் தள்ளவில்லை. பாசி மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது.

மேலிருந்து மந்திரமூர்த்தி துண்டை வீசிவிட்டு ஓடி வந்தான். பிரியா போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் குதிக்கப் போனாள். நிர்மலாதேவி திரும்பாமலே கையை உயர்த்தினாள்.

"ஒருத்தரும் தண்ணியில எறங்கப்பிடாது. நான் இருக்கேன்லா."

யாரும் இறங்கவில்லை. கை நீட்டினால் எட்டும் தூரத்தில் சுந்தரபாண்டியன் தண்ணீரை இரண்டு கையாலும் அடித்துக்கொண்டிருந்தார். அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படியின் விளிம்பில் குனிந்து உட்கார்ந்திருந்தாள், கண்ணை அவர்மேல் வைத்தபடி.

"நிர்மலா... நீச்ச..." அதற்குள் வாயில் தண்ணீர் போய்விட்டது.

"என்னது?"

"நீச்ச தெரியாது..."

"யாருக்கு?"

அவர் ஒரு தடவை உள்ளே போய்விட்டு வந்தார். கண் இரண்டும் வெளியே வந்துவிடும் போலிருந்தது. அதற்குப் பிறகு அவர் மேலே இருக்கிற முகங்களைப் பார்க்கவில்லை, போனைப் பார்க்கவில்லை, அவளை மட்டும்தான் பார்த்தார்.

"எனக்கு. எனக்கு நீச்ச தெரியாதுட்டி. என்னைக்குமே தெரியாது."

முழுதாகச் சொல்லி முடிக்கட்டும் என்று காத்திருந்துவிட்டு நிர்மலாதேவி குதித்தாள்.