வாசலில் இரண்டு ஜோடி

கடை கட்டி முடிந்துவிட்டது. செங்கல் இல்லை, சிமெண்ட் இல்லை. முதலிபாளையம் கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபில், மூன்று வாரமாக மௌஸைப் பிடித்து மணிக்கட்டு வீங்க மாணவி ரோஸ்மேரி திரைக்குள் கட்டிய கடை. கண்ணாடி முகப்பு, மஞ்சள் வெளிச்சம், உள்ளே பனியன் துணி உடுத்திய குழந்தைப் பொம்மைகள். வெள்ளிக்கிழமை கண்காட்சி. பெங்களூர் நடுவர்கள் திரையிலேயே ஒவ்வொரு கடைக்குள்ளும் நுழைந்து பார்த்து மார்க் போடுவார்கள். நிஜக் கடை வைத்துப் பழக்கக் கல்லூரிக்கு வசதியில்லை. உலகத்துக்கே உடுப்பு தைக்கிற ஊரில் அந்த உடுப்பை அடுக்கி அழகு பார்க்க இப்படிப் பொய்க்கடைதான் வாய்த்தது.

ஜெயசுதா மிஸ் குனிந்து பார்த்தார். "அருமைங்க கண்ணு. ஆனா வாசல்ல இதென்ன?"

"செருப்பு மிஸ்."

நீல வார் வைத்த ரப்பர் செருப்பு ஒரு ஜோடி. குதிகால் தேய்ந்த ஆம்பிளைச் செருப்பு ஒரு ஜோடி. "கடையா, கோயிலா?" என்று யாரோ கேட்க, லேபே சிரித்தது.

"வெளிநாட்டுக் கடையில யாருங்க செருப்பக் கழட்டறாங்க? எடுத்துருங்க. இல்லீன்னா கண்காட்சியில சேத்த முடியாதுங்க" என்றார் மிஸ்.

ரோஸ்மேரியின் குடும்பம் தெற்கேயிருந்து பிழைக்க வந்தது. அப்பாவுக்குப் பனியன் துணி பின்னுகிற நிட்டிங்கில் ராத்திரி ஷிப்ட். அம்மாவுக்குத் தைத்த உடுப்பில் குறை தேடும் செக்கிங்கில் பகல் வேலை, ராத்திரி வரை ஓவர்டைமோடு. நெருப்பெரிச்சல் என்ற ஊரிலிருக்கும் லைன் வீட்டுக்குத் திரும்பும்போது அவள் கண் முதலில் வாசலைத்தான் பார்க்கும். நீல வார் கிடந்தால் அம்மா இருக்கிறாள், தேய்ந்த குதி கிடந்தால் அப்பா இருக்கிறார். இரண்டும் சேர்ந்து கிடப்பது அபூர்வம். ஞாயிற்றுக்கிழமையையும் சரக்கு கப்பலேறும் ஷிப்மெண்ட் அவசரம் தின்றுவிடும். பெரும்பாலும் வாசல் துடைத்துவிட்டாற்போல் இருக்கும். பத்தொன்பது வயதில் இதற்கெல்லாமா அழுவது என்று தன்னையே வைதுகொண்டு பூட்டைத் திறப்பாள்.

மற்றவர்கள் மென்பொருள் சி.டி.யில் ஆயத்தமாக வந்த வெள்ளைக்கார உருவங்களைத் தங்கள் கடைக்குள் நிறுத்தியிருந்தார்கள். கோட்டு போட்ட அந்த மனிதர்களை ரோஸ்மேரிக்குத் தெரியாது. உள்ளே ஆள் இருக்கிறது என்று காட்ட அவளுக்குத் தெரிந்த வழி செருப்புதான்.

"அத எடுத்தா உள்ள யாருமே இல்லன்னு ஆயிரும் மிஸ்."

"அதான் பொம்மை இருக்குதில்லீங்க!"

மிஸ் கெட்டவர் இல்லை. அடுத்த மாணவியிடம் போக அவசரம், அவ்வளவுதான். ரோஸ்மேரி முதலில் அப்பாவுடையதை அழித்தாள். நீல வாரில் கொஞ்ச நேரம் விரல் நின்றது. கண்காட்சிக்குப் போகாமல் என்ன செய்ய? அதையும் அழித்தாள்.

வெள்ளிக்கிழமை அவள் கடைக்கே முதல் பரிசு. முகப்பை இவ்வளவு சுத்தமாக யாரும் வைக்கவில்லை என்று நடுவர் மைக்கில் பாராட்டினார். கைதட்டல் எழுந்தபோது அவள் கூட்டத்தில் யாரையும் தேடவில்லை. தேட யாரும் வந்திருக்கவில்லை.

கோப்பையோடு வீடு சேர்ந்தபோது அப்பா கதவைப் பூட்டிவிட்டுச் சைக்கிளை இறக்கிக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, பரிசா! என்ன கடை வச்ச?"

"சின்னப் பிள்ளைங்க உடுப்புக் கடைப்பா."

"நல்ல கூட்டமோ?"

"இல்லப்பா. கடைக்குள்ள ஒரு ஆளு கெடையாது."

"ஆளில்லாத கடைக்கா பரிசு குடுத்தாவ!" அப்பா வாய்விட்டுச் சிரித்தார். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. சாவியை அவள் கையில் வைத்துவிட்டு, சிரித்துக்கொண்டே சைக்கிளை மிதித்துப் போனார்.