சங்கிலி ஜெபத்தில் என் முறை

என் மகள் பெனினா நாளுக்கு நாலு விரற்கடை குட்டையாகிக்கொண்டிருந்தாள். வயது பதினொன்று. ஒரு திங்கட்கிழமை என் தோள் அளவு இருந்தாள். அடுத்த திங்கட்கிழமை சாப்பாட்டு மேசைக்கு மேல் அவள் வகிடு மட்டும் தெரிந்தது. டாக்டர் டேப் வைத்து அளந்தார். ஒழுங்காகத்தான் குறைகிறது, பயப்பட ஒன்றுமில்லை, பொறுத்துப் பாருங்கள் என்றார்.

சபையில் அவளுக்காகச் சங்கிலி ஜெபம் வைத்தார்கள். ஒருவர் ஒரு மணி நேரம் முழங்காலில் நிற்க வேண்டும். அடுத்தவர் வந்து தோளைத் தொட்ட பிறகுதான் எழுந்திருக்கலாம். தொடுவதற்கு முன்னால் எழுந்தால் சங்கிலி அறுந்துவிடும். அறுந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். எல்லோரும் பெனினாவைப் பார்த்தார்கள்.

எனக்கு மத்தியானம் இரண்டிலிருந்து மூன்று வரை. மகளைக் கட்டைப்பையில் வைத்துத் தூக்கிக்கொண்டு கோவிலின் பின்பக்க ஜெப அறைக்குப் போனேன். எனக்கு முந்தின முறை ஸ்டெல்லாபாய். அவள் வீட்டுக்காரர் போன வருஷம் பால் வாங்கப் போனவர் இன்னும் திரும்பவில்லை. தோளைத் தொட்டேன். அவள் எழுந்து அடுத்த அறைக்குப் போய் மறுபடி முழங்காலில் நின்றாள். அங்கே அவளுக்கென்று தனியாக ஒரு சங்கிலி ஓடிக்கொண்டிருந்தது.

சபையில் எனக்குப் பொறுமைசாலி என்று பெயர். பெயர் வாங்குவது சுலபம். அதை வைத்துக்கொண்டு காலம் தள்ளுவதுதான் கஷ்டம்.

மணி மூன்று அடித்தது. எனக்கு அடுத்தவர் ஞானசிகாமணி சார். தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கேயும் ஐந்து நிமிஷம் முன்னதாகவே போய் நிற்பவர். திரும்பிப் பார்த்தேன். நடைவழியின் கடைசியில் வந்துகொண்டிருந்தார். கையில் குடை இருந்தது.

"வந்துட்டேம்மா, வந்துட்டேன்" என்றார்.

வேகமாகத்தான் நடந்தார். அவர் ஒரு அடி வைத்தால் நடைவழி இரண்டு அடி நீண்டது. கொஞ்ச நேரத்தில் குடை மட்டும் தெரிந்தது.

மறுபடி மூன்று அடித்தது.

கோவில்பிள்ளை தவசீலன் நோட்டோடு உள்ளே வந்தார். மணி அடிப்பதும் கதவு திறப்பதும் அவர் வேலை. நோட்டில் பெயர், நேரம், பொறுமை என்று மூன்று கட்டம் போட்டிருந்தது. மூன்றாவது கட்டத்தில் டிக் போட்டார்.

"அண்ணே, சார் வரலையே" என்றேன்.

"வாராவல்லா. நீங்க அசையாம இருங்க."

"எவ்வளவு நேரம்?"

"அதக் கேட்டா டிக்க அழிக்கணும்மா."

நான் கேட்கவில்லை. பையைப் பார்த்தேன். வரும்போது சொம்பு உயரம் இருந்த பெனினா இப்போது டம்ளர் உயரத்துக்கு வந்திருந்தாள். இந்த அறைக்குள் நாள் கணக்கு செல்லாது போலிருக்கிறது. அவளை எடுத்து உள்ளங்கையில் நிறுத்திக்கொண்டேன்.

மூன்றாம் தடவை மூன்று அடித்தபோது முழங்கால் வலி நின்றுவிட்டது. தட்டிப் பார்த்தேன். டொக் டொக் என்றது. மரம். தொடையிலும் ரேகை ஓட ஆரம்பித்திருந்தது. அறையைச் சுற்றிப் போட்டிருந்த பெஞ்சுகளை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளைப் பெயின்டில் ஒரு பெயர் இருந்தது. மரகதம்மாள். தேவஇரக்கம். கனகாபாய், ஒரு பேரனுக்காக.

தவசீலன் பெயின்ட் டப்பாவும் பிரஷ்ஷும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

"இனிஷியல் அப்பா பேர்லயா, வீட்டுக்காரர் பேர்லயா?"

"நான் இன்னும் பெஞ்சு ஆகலண்ணே."

"அவசரமில்ல" என்றார். பிரஷ்ஷை நனைத்து வைத்துக்கொண்டார்.

அப்போது கதவு இல்லாத பக்கமாக ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். தூசி படிந்த செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். வீடு வீடாகச் சந்திக்கப் போகிறவர்களுக்கு இருக்கும் களைப்பு முகத்தில் இருந்தது. தவசீலன் பெயின்ட் டப்பாவைப் பின்னால் மறைத்தார்.

"அவிய வந்திருக்காவ" என்று என் காதில் சொன்னார்.

பதினாறு நாளாக ஜெபத்தில் கூப்பிட்டு நான் காத்திருந்தது இவருக்காகத்தான். என்ன சொல்ல வேண்டும் என்று பாடம் பண்ணி வைத்திருந்தேன். சமைக்கும்போது சொல்லிப் பார்த்தேன். பஸ்ஸில் சொல்லிப் பார்த்தேன்.

அவர் எனக்கு எதிரே குனிந்து, "எப்படிம்மா இருக்கீங்க?" என்று கேட்டார்.

"கர்த்தருடைய கிருபையில நல்லா இருக்கோம்யா" என்றேன்.

இதை நான் யோசித்துச் சொல்லவில்லை. முப்பது வருஷமாகக் கோவில் வாசலிலும் கல்யாண வீட்டிலும் இதைத்தான் சொல்லி வந்திருக்கிறேன். அப்பாவை அடக்கம் பண்ணிவிட்டுத் திரும்பும்போதுகூட, கேட்டவர்களுக்கு இதையே சொன்னேன். அந்தக் கேள்விக்கு என் வாயில் வேறு பதில் கிடையாது.

"பிள்ளை?"

என் உள்ளங்கையில் பெனினா நின்றுகொண்டிருந்தாள். தீப்பெட்டி உயரம்.

"அவளும் நல்லா இருக்கா."

"ஏதாவது தேவை உண்டாம்மா?"

"ஒரு குறையும் இல்லய்யா. காப்பி குடிக்கியளா?"

"இப்பதான் குடிச்சேன்" என்றார். அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து, நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார். "ரொம்ப சந்தோஷம்." உண்மையாகவே சந்தோஷப்பட்டார். வந்த பக்கமாகவே போனார். சுவர் மூடிக்கொண்டது.

என் நாக்கைக் கடித்துத் துப்பலாம் போல இருந்தது.

அடுத்த அறையில் அவர் குரல் கேட்டது. "எப்படிம்மா இருக்கீங்க?"

"நல்லா இருக்கோம்யா" என்றாள் ஸ்டெல்லாபாய்.

"வீட்டுக்காரர்?"

"சுகமா இருக்காவ."

அதற்கும் அடுத்த அறையில் ஒரு ஆண் குரல், நல்லா இருக்கோம் என்றது. அதற்கும் அப்பால் ஒரு கிழவி. பிறகு ஒரு குடும்பமே சேர்ந்து சொன்னது. இத்தனை அறைகள் இருப்பது எனக்குத் தெரியாது. குரல்கள் சின்னதாகிக்கொண்டே போயின. ஒவ்வொன்றும் மலர்ச்சியாக இருந்தது.

"அம்மா" என்றாள் பெனினா. காதருகில் தூக்கிக் கேட்டேன்.

"என்ன?"

"அவங்க கேட்டாங்கல்ல?"

"கேட்டாங்க."

"பின்ன ஏன் சொல்லல?"

அவள் அழவில்லை. பதிலுக்காகப் பொறுமையாக நின்றாள். என் மகள் அல்லவா. அதைப் பார்த்ததும்தான் எனக்கு ஆங்காரம் வந்தது.

எழுந்தேன். முழங்கால் இரண்டும் படார் என்று பிளந்தன. தவசீலன், "சங்கிலி, சங்கிலி" என்று கையை நீட்டிக்கொண்டு வந்தார். நான் சுவரில் வாயை வைத்தேன். முதலில், ஸ்தோத்திரம் என்றுதான் வந்தது. விழுங்கினேன். மறுபடி வாயைத் திறந்தேன்.

"நாங்க நல்லா இல்ல" என்று கத்தினேன். "எம்பிள்ள போயிட்டிருக்கா. எங்களால முடியல."

எல்லா அறைகளும் சட்டென்று அமைதியாகின. பிரஷ்ஷிலிருந்து ஒரு சொட்டு பெயின்ட் தரையில் விழுந்தது. வெகு தூரத்தில், நடந்துகொண்டிருந்த கால்கள் நின்றன. அவரும் செவி கொடுத்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

அடுத்த அறையில் ஸ்டெல்லாபாய் மெதுவாக, "நாங்களும்" என்றாள்.

கால்கள் மறுபடி நடக்க ஆரம்பித்தன. இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்று சுவர் வழியாகக் கண்டுபிடிக்க முடியவில்லை. கைக்குள் பெனினா அரிசி அளவுக்கு வந்துவிட்டாள். மூச்சு பட்டால் பறந்துவிடுவாள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, இன்னும் உரக்கக் கத்தினேன்.