பாதிப் பின்னல்

எத்தனை மணி நேரம்டி ஆகும் போய்ச் சேர, என்று அம்மா கேட்கிறாள், சீப்பு என் தலையில் பாதியில் நிற்கிறது, ஏஜெண்டு கொடுத்த தாள் என் மடியில் கிடக்கிறது, திருச்சியில் மாலை ஆறுக்குக் கிளம்பினால் சிங்கப்பூரில் இரவு பன்னிரண்டரை, கழித்துப் பார்த்து ஆறரை மணி நேரம் என்கிறேன், திரும்பி வரும் விமானமோ அங்கே காலை பதினொன்றுக்கு ஏறினால் இங்கே பன்னிரண்டரைக்கு இறங்கிவிடுகிறது, அம்மா சிரிக்கிறாள், போறதுக்குத்தான்டி நேரம் பிடிக்கும், வர்றது நம்ம மணப்பாறை பஸ்ஸு கணக்கா, நெனச்சா வந்துருவேன், கட்டிலிலிருந்து அப்பா, காத்து இங்கிட்டு தள்ளும்போல, என்கிறார், லாரி ஏறி ஒரு கால் போனவர் அவர், தூக்கி உட்கார வைக்க ஆள் வேண்டுமென்று நான் எட்டாம் வகுப்போடு நின்றேன், அம்மா யாரோ ஒருவர் வீட்டு வேலைக்குக் கடல் தாண்டினாள், போயிட்டு வர்றேன் என்று படியிலும் சொன்னாள், தெருவிலும் சொன்னாள், பஸ்ஸிலிருந்தும் சொன்னாள்.

இரண்டு வருடம் கழித்து லீவில் வந்தபோது கையில் கறுப்பு வார் வாட்ச், அது இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடியது, அங்க முந்தி விடிஞ்சிரும் பாப்பா, போகவும் நாலு மணி நேரந்தான், வரவும் நாலு மணி நேரந்தான், நீ கழிச்சது தப்பு, என்றாள், வாட்சை மட்டும் திருப்பவில்லை, பதினஞ்சு நாளைக்கு எதுக்குத் திருப்பிக்கிட்டு, ரெண்டரையக் கழிச்சா நம்ம மணி, என்று கழித்துக் கழித்தே எங்களோடு இருந்தாள், விடியுமுன் எழுந்து, அந்த வீட்டுக் குழந்தைக்குப் பால் கலக்கும் நேரம் இது, என்று இருட்டில் உட்கார்ந்திருந்தாள்.

கிளம்பும் நாளில் மழை, வெளிச்சத்தை வைத்து நேரம் சொல்ல முடியவில்லை, எங்களுக்கு மாவாட்டி வைத்துவிட்டுப் போக வாட்சைக் கழற்றி ஜன்னலில் வைக்கிறாள், இரண்டு மணி பஸ்ஸை விட்டால் விமானம் இல்லை, விமானம் இல்லையென்றால் வேறு ஆள் வைத்துவிடுவார்கள், அப்பா கட்டிலிலிருந்து கையை நீட்டி வாட்சை எடுக்கிறார், முள்ளைப் பின்னுக்குத் திருகுகிறார், வைக்கிறார், என்னைப் பார்க்கிறார்.

கையைத் துடைத்துக்கொண்டு வாட்சைப் பார்த்தவள், ஒண்ணே முக்கால், ரெண்டரை போனா, அடியே இன்னும் பன்னெண்டு கூட ஆகல, வா தலை பின்னிவிடுறேன், என்று உட்காருகிறாள், விரல்கள் பிடரியில் மாவு வாசனையோடு ஊர்கின்றன, முடி வளந்துருச்சுடி, நான் பாக்கவேயில்ல, என்கிறாள், நான் வாயைத் திறக்காவிட்டால் இந்தப் பின்னல் முடியும், ரிப்பன் கட்டுவாள், இரவு இங்கேயே சாப்பிடுவாள், அப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார், பாலத்தடியில் பஸ் திரும்பும் ஹாரன் கேட்கிறது, அந்த வேலை போனால் அப்பாவுக்குக் கட்டைக் கால் கூட இல்லை என்பது எங்கள் மூவருக்கும் தெரியும்.

அம்மா, வாட்சுல ஓடுறது நம்ம ஊரு மணி, என்கிறேன்.

பின்னிய கை நிற்கிறது, வாட்சைப் பார்க்கிறாள், அப்பாவின் முதுகைப் பார்க்கிறாள், பையை எடுக்கிறாள், சீப்பு என் தலையிலேயே நிற்கிறது, இந்தத் தடவை என் மடியில் தாள் இல்லை, கழித்துப் பார்க்க எதுவும் இல்லை, பாதிப் பின்னல் அவிழாமல் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கிறேன், அம்மா ஒரு வார்த்தையும் சொல்லாமல் மழையில் இறங்கிப் போகிறாள்.