தடைக்காலம் முடிய ஐந்து நாள்

மானுக்காகக் கட்டிய பரணில் மதீசன் மனிதனுக்காகக் காத்திருந்தான். மே பத்தாம் தேதி, விடிகாலை ஐந்தரை மணி. கீழே நெக்கர் ஆற்றின் பழைய கிளை அசையாமல் கிடந்தது. நாணலுக்கு அப்பால் கடுகு வயல் மஞ்சளாகப் பூத்திருந்தது. பரணின் சொந்தக்காரரான ஜேர்மன் வேட்டைக்காரர், "இந்தக் கிழமை நான் வரமாட்டேன், நீ இருந்துகொள்" என்று சாவியைக் கொடுத்திருந்தார். தூரத்தில் ஒரு வெடி கேட்டது. ஆண் மானுக்கு வேட்டைக்காலம் திறந்துவிட்டது. சாண்டர் மீனுக்குத் தடை நீங்க இன்னும் ஐந்து நாள் இருந்தது.

மதீசனுக்கு மீனில் ஆசை கிடையாது. கட்டடப் பொறியியல் படித்தவன், முப்பத்திரண்டு வயது. இரண்டு வருடங்களுக்கு முன் மனைவி பிளோறன்ஸைப் புதைத்தான். அதன்பின் மீன்பிடி வகுப்புக்குப் போனான், பரீட்சை எழுதினான், ஆற்றுச் சங்கத்தில் சேர்ந்தான், சம்பளமில்லாத கண்காணிப்பாளர் வேலைக்குக் கை தூக்கினான். "பிள்ளை மனசை ஆற்ற ஒரு வழி கண்டுபிடிச்சிட்டுது" என்றார்கள் தெரிந்தவர்கள். அவன் மறுக்கவில்லை. ஒரே ஓர் ஆளைப் பிடிப்பதற்காக அத்தனையும் படித்தான்.

அந்த ஆள் ராசன். இங்கே நகரத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். கடுகு பூத்ததும் முரல் மீன் கரைக்கு வரும் என்று ஒவ்வொரு மே மாதமும் காரை எடுத்துக்கொண்டு வடக்கே பால்டிக் கடலுக்குப் போவார். அந்த வருடம் பிளோறன்ஸும் கூடப் போனாள். பாசையூர் என்ற மீன்பிடிக் கிராமத்துப் பெண். இந்த நாட்டு முரலுக்கு முள் பச்சை நிறமாக இருக்குமாம், பார்க்க வேண்டும் என்று சிரித்துக்கொண்டு போனாள். மதீசனுக்கு அன்று வேலை.

வாடகைப் படகில் மூன்று பேர். மிதவைச் சட்டை இரண்டு. "பாசையூர்ப் பெட்டைக்குச் சட்டையோ? மீனுக்கு நீச்சல் பழக்கிற கதையாக்கும்" என்றாராம் ராசன். படகு புரண்டபோது தண்ணீர் ஒன்பது பாகை. அந்தக் குளிரில் பாசையூர் நீச்சல் சில நிமிடங்களே தாங்கியது.

சட்டை கொடுத்ததாகவும், படம் எடுப்பதற்காக அவளே கழற்றியதாகவும் ராசன் பொலிஸிடம் சொன்னார். முதலில் வாய் திறந்தவர் அவர்தான். வழக்கு மூடப்பட்டது. உண்மையை மதீசனிடம் சொன்னவன் பாலச்சந்திரன், ராசனின் சமையல்காரன், படகில் இருந்த மூன்றாவது ஆள். பிளோறன்ஸின் முப்பத்தோராம் நாள் நினைவுச் சாப்பாட்டின்போது, கை கழுவும் இடத்தில் நின்று சொன்னான். "பொலிசிலை சொல்ல ஏலாது அண்ணை. என்ரை விசா அவற்ரை கையிலை."

ஐந்தே முக்காலுக்கு, வழக்கமாகத் தூண்டில் போடும் அதே இடத்துக்கு ராசன் வந்தார். சுற்றும்முற்றும் பார்க்கவில்லை. மே மாதத்து ஆண் சாண்டர் முட்டைகளை விட்டு நகராது. பசியில்லாவிட்டாலும், கிட்ட வரும் எதையும் கடிக்கும். அது ராசனுக்குத் தெரியும். மூன்றாவது வீச்சிலேயே தூண்டில் வளைந்தது. மீனைக் கரைக்கு இழுத்து, தலையில் கட்டையால் இரண்டு அடி போட்டார். மதீசன் அதுவரை படம் எடுத்துவிட்டு ஏணியில் இறங்கினான்.

"அட, மதீசனோ! சீவன் போட்டுது. பொலிசாக்கும் எண்டெல்லோ பயந்திட்டன்."

"மீன்பிடி கார்ட்டைக் காட்டுங்கோ அண்ணை."

"விடியக்காலமையே பகிடியோ? பார், என்ன சாமான்! வால் பாதியை நீ கொண்டு போ. தலை எனக்கு."

"கார்ட்."

ராசன் முணுமுணுத்தபடி சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அதிலிருந்த படத்தில் சங்க உறுப்பினர் சோதிலிங்கத்தின் வழுக்கைத் தலை.

"இது சோதியண்ணையின்ரை."

"ஓம். அவருக்கு முழங்கால் ஏலாது, வாறேல்லை. அதுதான் நான் வாறன். ஊரிலை வள்ளத்துக்கு ஒரு பதிவு இருந்தால் ஏறுற எல்லாருக்கும் அதுதானே? ஆர் பிடிச்சால் என்ன?"

"இங்கை அது களவு. குற்ற வழக்கு வரும். உங்கட குடியுரிமை விண்ணப்பம் அப்பிடியே நிக்கும்."

ராசனின் சிரிப்பு போய்விட்டது. அடுத்த மாதம் ஜேர்மன் பாஸ்போட் வருகிறது என்று கடைக்கு வருகிற எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்.

"தம்பி, இருவத்தேழு வரியம் இதுக்காகக் கிடந்தனான். ஒரு மீனுக்காக..."

"படகிலை எத்தினை சட்டை இருந்தது?"

தண்ணீரில் ஏதோ துள்ளியது. ராசன் திரும்பிப் பார்க்கவில்லை.

"நான் குடுத்தனான். அவதான்..."

மதீசன் கைபேசியை எடுத்தான்.

"ரெண்டு!" என்றார் ராசன். "ரெண்டுதான் தம்பி. ஒண்டு நான் போட்டிருந்தன், மற்றது பாலன். இன்னொண்டு எடுக்கத் திரும்பிப் போயிருக்கலாம். முரல் நல்லா அடிச்சுக்கொண்டிருந்தது, அதுதான்..."

"முரல்" என்றான் மதீசன். பிறகு பொலிஸ் இலக்கத்தை அழுத்தினான்.

"டேய், சொன்னால் விடுவாய் எண்டெல்லோ சொன்னனான்!"

"விடுவன் எண்டு நான் சொல்லேல்லை."

பொலிஸ்காரர் வர இருபது நிமிடமானது. செத்த மீன் புல்லில் காய்ந்துகொண்டிருந்தது. சீருடையைக் கண்டதும் ராசனின் இருபத்தேழு வருட ஜேர்மன் மொழி நழுவிப்போனது. இரண்டு சொல் சொன்னார், மூன்றாவது வரவில்லை. பொலிஸ்காரர் மதீசனைப் பார்த்து, "நீங்கள் மொழிபெயர்க்க முடியுமா?" என்று கேட்டார்.

முடியும் என்றான்.

"தம்பி, உள்ளதைச் சொல்லு. சோதியண்ணையின்ரை கார்ட் எனக்கும் செல்லும் எண்டுதான் நினைச்சனான். மாதா அறிய அப்பிடித்தான் நினைச்சனான். களவெடுக்க வரேல்லை எண்டு சொல்லு."

அது உண்மை என்று மதீசனுக்குத் தெரிந்தது. இவ்வளவு மடத்தனத்தை யாரும் கற்பனை செய்து சொல்லமாட்டார்கள்.

பொலிஸ்காரர் பேனாவைத் திறந்தார். மதீசன் தெளிவான ஜேர்மன் மொழியில், நிறுத்தி நிறுத்திச் சொன்னான்: அந்த அட்டை தனக்குச் செல்லாது என்று அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் பயன்படுத்தினார். இந்த நேரத்தில் யாரும் பார்க்கமாட்டார்கள் என்று நினைத்தாராம்.

பேச வராவிட்டாலும் கேட்டு விளங்குமளவு ராசனுக்கு ஜேர்மன் தெரியும்.

"நைன்" என்று ஜேர்மனில் மறுத்தார். "நைன், நைன்! அவன் பொய் சொல்லுறான்!" இரண்டாவதைத் தமிழில் சொன்னார்.

பொலிஸ்காரர் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். ஒருவரின் கையெல்லாம் மீன் வழும்பு. மற்றவனின் நெஞ்சில் அரசாங்க முத்திரையுள்ள அட்டை. "என்ன சொல்கிறார்?" என்று கேட்டார்.

"கோபப்படுகிறார்" என்றான் மதீசன்.

பொலிஸ்காரர் எழுதினார். ராசன் புல்லில் குந்தினார். "பிளோறன்ஸ் பிள்ளை பாத்துக்கொண்டிருக்கிறா" என்றார், யாருக்கென்று இல்லாமல்.

மதீசன் அதை மொழிபெயர்க்கவில்லை.

சாட்சிக் கையெழுத்துக்காகப் பொலிஸ்காரர் தாளை நீட்டினார். கட்டட வரைபடத்தைப் படிப்பதுபோல் மதீசன் அதை மேலிருந்து கீழ்வரை படித்தான். ராசனின் பிறந்த தேதியில் மாதம் பிழையாக இருந்தது. அதைச் சுட்டிக்காட்டித் திருத்துவித்தான். பிறகு கையெழுத்திட்டான்.