வெக்கேஷன் பாடத்தில் இல்லாத வரி

1

இந்தக் கதை எழுதக் காரணம் குலசிங்கம். அவன்மேல் எனக்குப் பொறாமை. இதைவிட உயர்ந்த காரணம் எதுவும் இல்லை. கல்லூரிச் சஞ்சிகை ஆசிரியர் கேட்டால் மட்டும் மொழிப்பற்று என்பேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "1974, ஆடி. ஊர்காவற்றுறை இறங்குதுறையில் உப்புக்காற்று வீசிக்கொண்டிருக்க"

நிறுத்திவிட்டேன். காற்றை வர்ணித்துக்கொண்டிருந்தால் குலசிங்கம் வரத் தாமதமாகும் என்று நினைத்தேன். வீண் முயற்சி. அவன் எங்கேயும் எனக்கு முந்தி வருகிறவன்.

2

இடம், குருசுமுத்து மாஸ்டரின் ஆங்கில ரியூசன் கொட்டகை. ஒரு பக்க வாங்குப் பலகையில் பொடியன்கள், எதிர் வாங்கில் பெண்பிள்ளைகள். மாஸ்டரிடம் ஒரே சட்டம்: "தமிழிலை ஒரு சொல்லுக் கதைச்சாலும் வெளியிலை. இங்கிலீசிலை எண்டால் ஆரும் ஆரோடையும் கதைக்கலாம்."

அதாவது, எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒரு பொடியன் ஒரு பெண்ணை நேரே பார்த்துக் கேள்வி கேட்கக்கூடிய ஒரே இடம் அது. கேள்விகள்தான் கொஞ்சம் வறண்டவை. உமது பள்ளிக்கூடத்தின் முதலாம் ரேர்ம், அதாவது தவணை, எப்போது முடிகிறது? இன்ரர்வல் எத்தனை மணிக்கு? ரைம்ரேபிளில் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் என்ன? சோடி சோடியாக எழும்பி, புத்தகத்தில் உள்ளபடி கேட்டு, உள்ளபடி சொல்ல வேண்டும். பரீட்சையில் இதுதான் வரும் என்று மாஸ்டர் நம்பியதால் மாதக்கணக்காக இந்தப் பாடத்தை நாங்கள் தாண்டவில்லை.

குலசிங்கத்துக்குச் சோடி பர்வதவர்த்தினி. சுருவில் ஊர்க் கோயில் ஐயரின் மகள். எனக்குச் சோடி மயில்வாகனம்.*

(* பெண்பிள்ளைகள் குறைவு. மயில்வாகனத்தின் இன்ரர்வல் பற்றி நான் அறியாதது எதுவும் இல்லை.)

அவளை அவன் "வர்த்தினி" என்று சுருக்கிக் கூப்பிடுவான். முழுப் பெயரையும் எழுத எனக்கு இன்னும் அலுக்கவில்லை. அவனுக்கு ஒரு கேள்வி கேட்பதற்குள் அலுத்துவிட்டது.

3

குலசிங்கத்தை உள்ளபடி எழுதினால் உங்களுக்கு அவனைப் பிடித்துவிடும். ஆகவே உயரத்தில் கொஞ்சம் வெட்டி, வலக் கண்ணைச் சாய்த்து வாக்குக் கண்ணாக்கினேன். கையெழுத்துப் பிரதியை மயில்வாகனம் வாசித்தான்.

"உவன்ரை கண் நல்லாத்தானேடா இருந்தது?"

"கதையிலை இல்லை."

"அப்ப அவள் ஏன் அவனைப் பாத்தவள்?"

"பாடமடா. பாக்கத்தானே வேணும்."

"நானும் நீயும் பாத்தது பாடம். அது வேறை மச்சான்."

கண்ணைத் திருப்பிக் கொடுத்தேன். உயரத்தைக் கொடுக்க மாட்டேன்.

4

விடுமுறைக்கு முந்திய கடைசி வகுப்பு. குலசிங்கம் புத்தகப்படி கேட்டான்: "வர்த்தினி, இந்த வெக்கேஷனுக்கு எங்கே போகிறீர்?"

மலைநாட்டில் இருக்கும் மாமா வீட்டுக்கு என்பது புத்தகத்தின் பதில். அந்த மாமா வீட்டுக்கு அவள் அதுவரை எத்தனையோ முறை போய்விட்டாள். அன்று புத்தகத்தை மூடினாள். ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னாள்:

"வெக்கேஷன் முடிய எல்லாரும் திரும்பி வருவார்கள். நான் வரமாட்டேன். படித்தது போதும் என்று அப்பா சொல்லிவிட்டார். எனக்கு அடுத்த ரேர்ம் இல்லை."

(சொன்னது ஆங்கிலத்தில். தமிழாக்கம் என்னுடையது.)

"வெறி குட்!" என்றார் மாஸ்டர். "பிள்ளை சொந்தமாச் சொல்லிப்போட்டுது. ஒரு பிழை இல்லை."

குலசிங்கம் விரலை வைத்து அடுத்த வரியைத் தேடினான். வாசித்தான்: "அப்படியா, மிக்க மகிழ்ச்சி. வெக்கேஷனைச் சந்தோஷமாகக் கழிப்பீராக."

அவள் மூடிய புத்தகத்தோடு வாங்கில் உட்கார்ந்தாள்.

"அடுத்த சோடி!"

நானும் மயில்வாகனமும் எழும்பினோம். வெக்கேஷனுக்கு எங்கே போகிறாய் என்று கேட்டான். மாமா வீட்டுக்கு என்றேன்.

5

இந்த இடத்தில் நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எதிரி தோற்றான். ஆனால் அவள் சொன்னது அவனிடம். கேட்கத் தெரியாதவனாக இருந்தாலும் அவனிடம். அது எனக்குச் செமிக்கவில்லை.

சரி, கதைதானே என்று அவனுக்கு வேறு பதில்கள் எழுதிப் பார்த்தேன்.

அ) "ஏன்?" அவள் ஏற்கெனவே சொல்லிவிட்டாள்.

ஆ) "நான் உமது அப்பாவோடு கதைக்கிறேன்." அவன் உயரம் தானாகக் கூடுகிறது. வெட்டு.

இ) "அடுத்த ரேர்ம் பாடங்களை நான் எழுதிக் கொண்டுவந்து" நல்ல வரி. இதைக் கேட்டால் அவள் முகம் மலரும். மலர்வது அவனுக்காக. ஆகவே வெட்டு.

ஈ) அவனை எடுத்துவிட்டு நானே நின்றேன். என் விரலும் புத்தகத்தில் அடுத்த வரியைத் தேடியது. கதையிலும்.

6

ஆகவே குலசிங்கத்துக்குக் காய்ச்சல் கொடுத்து வீட்டில் படுக்க வைத்துவிட்டேன். பர்வதவர்த்தினியை மறுபடி எழுப்பி நிறுத்தியிருக்கிறேன். மாஸ்டர் இன்னும் அடுத்த சோடியைக் கூப்பிடவில்லை. அவள் எனக்கு அடுத்த ரேர்ம் இல்லை என்று சொல்லி முடித்துவிட்டு, எதிரே நிற்கும் உங்களைப் பார்க்கிறாள். புத்தகத்தைத் தேடாதீர்கள். சொல்லுங்கள்.

சொல்லிவிட்டீர்களா?

அவள் சிரித்தாளா?

வேண்டாம். நல்ல பதில் என்றால் எனக்குத் தெரியப்படுத்த வேண்டாம். ஒரு குலசிங்கமே எனக்குப் போதும்.