ஒழுங்கைக்காகச் சாப்பிட்டவள்

யாழ்ப்பாணத்துக் குருநகரில் ஸ்ரெல்லா சாப்பிட்டால் அவளைத் தவிர சந்துபோன்ற அந்த ஒழுங்கையில் இருந்த எல்லோருக்கும் வயிறு நிறைந்தது. மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கரையில் கிடந்த வருடத்தில் இது தொடங்கியது. அவள் ஒரு கோப்பைச் சோற்றை முடிக்க, எதிர்வீட்டு றெஜினா ஏப்பம் விட்டாள். பாலுக்கு அழுத பிள்ளைகள் தூங்கின. சனம் யோசித்தது. இருக்கிற அரிசியை வீடு வீடாகப் பிரித்துப் பசி கிடப்பதைவிட ஸ்ரெல்லாவுக்குக் கொடுப்பது லாபம். சட்டிகள் வந்தன. அவள் பசி தீராமல் சாப்பிட்டாள், பருத்தாள், நீரிழிவு பிடித்துச் சீனி வருத்தக்காரியானாள். சட்டி கொண்டுவந்தவர்களே அவளுக்குப் பீப்பா என்று பட்டம் வைத்தார்கள். மண்ணெண்ணெய் வந்து படகுகள் ஓடிய பிறகும் சட்டிகள் நிற்கவில்லை. ஓசி நிறைவு எல்லோருக்கும் பழகிவிட்டிருந்தது.

பல்கலைக்கழகக் கம்பசில் படிக்கும் மகள் கிறிஸ்ரினா அவளை ஆசுப்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டொக்டர் வியப்படையவில்லை.

"இன்சுலின் சீனியை மட்டும் பாக்கிறேல்லை, பிள்ளை. சாப்பாடு காணும், போதும் எண்டு மூளைக்குச் சொல்லுறதும் அதுதான். அம்மாவின்ரை மூளை கதவு திறக்குதில்லை. செய்தி பக்கத்து வீடுகளுக்குப் போகுது." இன்சுலின் ஊசி எழுதினார். "ஊசி போட்டால் சாப்பிடாமல் இருக்கவே கூடாது. சீனி இறங்கினால் உயிருக்கு ஆபத்து; உடனை சீனி தின்னவேணும்."

இந்த வருடம் பெரிய வெள்ளிக்குத்தான் சனத்துக்கு ஒரு சிக்கல் உறைத்தது. ஸ்ரெல்லா சாப்பிட்டால் ஒருவருக்கும் பசிக்காது. பசிக்காமல் பிடிக்கிற ஒருசந்தி உபவாசத்துக்குப் பலன் இல்லை. காலையிலேயே கோயில் மூப்பர் சூசைதாசன் வாசலில் நின்றார்.

"பிள்ளை ஸ்ரெல்லா, மூண்டு மணி ஆராதனை முடியுமட்டும் வாயிலை ஒண்டும் வைக்காதை. ஊருக்கு இண்டைக்கெண்டாலும் பசிக்கட்டும்."

"ஊசி போட்டிட்டன், மூப்பர்."

"ஊசியிலை சோறே கிடக்கு? அது ஒருசந்தியை முறிக்காது."

பீப்பா என்று கேட்டுக் கேட்டு அலுத்தவளுக்குத் தானும் ஒருசந்தி பிடிக்க ஆசையாக இருந்தது. ஓம் என்றாள். மத்தியானம் ஒழுங்கை முழுவதும் பசித்தது; சனம் பெருமையோடு கோயிலுக்குப் போனது. சிலுவையை முத்தமிட்டுத் திரும்பியபோது ஸ்ரெல்லா குசினி நிலத்தில் வியர்த்து நனைந்து செத்துக் கிடந்தாள். சீனிப் போத்தல் கைக்கெட்டும் தூரத்தில், மூடி திறக்காமல் இருந்தது.

யாழ்ப்பாணக் கம்பஸ் இருக்கும் திருநெல்வேலியிலிருந்து பஸ்ஸில் வந்திறங்கிய கிறிஸ்ரினா மூப்பரிடம் கேட்டாள்: "உங்கடை பசிக்கு என்ரை அம்மாவே கிடைச்சவ?"

"ஆண்டவர் நல்ல நாள் பாத்து எடுத்திருக்கிறார், பிள்ளை."

அடக்கம் முடிந்து றெஜினா கூழ் கொண்டுவந்தாள். கிறிஸ்ரினா குடித்தாள். வயிற்றில் ஒன்றும் தெரியவில்லை. வெளியே அழுதுகொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக ஏப்பம் விட்டு இடுப்புத் துணியைத் தளர்த்தினார்கள். மறுநாள் விடிய வாசலில் சட்டிகளோடு நின்றார்கள். அவளுக்குப் பசித்தது. கதவைத் திறந்தாள்.